வெயிலின் கண்ணைத் துடைத்தவர்

அந்தப் பாலைவெளியில் அவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஊசி போடத் தெரியாது. தனக்கே காய்ச்சல் வந்தால் என்ன மாத்திரை போடுவது என்று மனைவிக்குப் போன் போட்டுக் கேட்பார். ஆனாலும் டாக்டர். முழுசாகச் சொன்னால் கண் டாக்டர். கண்ணுக்கெட்டிய தூரம்வரை சோலார் பேனல்கள் வரிசை கட்டி நிற்கிற அந்த மின் நிலையத்துக்கு ஒரே ஒரு கண் இருந்தது. தினமும் அதைத் துடைப்பது அவர் வேலை.

கண் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குமிழ், அதற்குள் கறுப்பாக ஒரு வட்டம், அவ்வளவுதான். மேலே விழுகிற வெயில் எவ்வளவு என்று அது அளந்து கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லும். இத்தனை வெயிலுக்கு இத்தனை மின்சாரம் வரவேண்டும், வந்ததா இல்லையா என்று பார்த்து நிலையத்துக்கு தினமும் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவார்கள். பள்ளிக்கூடத்தோடு தொலைந்தது என்று நாம் நினைத்திருந்த சனியன் பாலைவனத்துக்கும் வந்துவிட்டது. முதலில் இரண்டு கண் இருந்தது. ஒன்றைச் சரிபார்க்க அனுப்பி எட்டு மாதமாகிறது. போனது போனதுதான்.

துடைப்பது அவர் கையோடு பிறந்த வித்தை. பன்னிரண்டு வயதில் சாப்பாட்டுக் கடையில் மேஜை துடைத்தார். இருபதில் பஸ் டிப்போவில் முன்கண்ணாடி துடைத்தார். அப்புறம் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆறு வருடம். இங்கே ஆள் எடுத்தபோது, "என்ன வேலை தெரியும்?" என்று கேட்ட மேனேஜரிடம் பதிலே சொல்லாமல், அவர் கண்ணாடியை வாங்கித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாராம். மேனேஜர் மாட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ரூமுக்கு ஜன்னல் இருக்கா?" என்றாராம். இது டிராக்டர் அக்கா சொல்லும் கதை. பேனல் கழுவும் டிராக்டரை ஓட்டுகிறவர், கழுவுகிற எட்டுப் பேருக்கும் தலைவி. அவர் வாயிலிருந்து வருகிற எதையும் பாதியாக மடித்துத்தான் நம்பவேண்டும்.

விடிகிற நேரத்தில், கையில் துணியும் ஒரு பாட்டில் சுத்தத் தண்ணீருமாக டாக்டர் கிளம்புவார். அந்த நேரத்துப் பாலைவெளி யாரோ சொல்லிக்கொண்டிருந்த கதையைப் பாதியில் நிறுத்தின மாதிரி இருக்கும். மணல் மேல் லேசான ஈரம். பேனல்கள் எல்லாம் கிழக்குப் பக்கம் முகத்தைச் சாய்த்து, இன்னும் வராத ஒருவருக்காகக் காத்திருக்கும். சூரியன் தலை காட்டியதும் எங்கோ ஒரு மோட்டார் "டிக்" என்னும். அப்புறம் இன்னொன்று. அப்புறம் அந்த வெளி முழுக்க டிக், டிக் என்று பரவி, அத்தனை ஆயிரம் பேனலும் நகக்கண் அளவு திரும்பும். சாயங்காலம் மேற்கே முகம் காட்டுகிறவரை சில நிமிடத்துக்கு ஒரு தடவை இதே கூத்துதான். பார்த்துக்கொண்டே இருந்தால் தன் தலையும் திரும்புவது போல இருக்கும். அவருக்கு நிஜமாகவே திரும்பும்.

சில காலைகளில் வெள்ளைப் பறவைகள் பேனல் பரப்பை ஏரி என்று நினைத்து இறங்கும். அலகை வைத்துப் பார்க்கும். ஏமாந்துபோய், யாராவது பார்த்துவிட்டார்களா என்பது போலக் கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் பறக்கும். டாக்டருக்கு அவற்றின் மேல் தனிப் பாசம். அவரும் அதை ஏரி என்றுதான் நினைத்துக்கொள்வார். பகலெல்லாம் அந்த நீலத்தில் அலை அடிக்கும். அக்கரையில் அவர் மனைவி நடந்து வருவாள். கணுக்கால்வரை தண்ணீர், கையில் செருப்பு. அவள் பக்கத்தில் வந்து சேர்வதற்குள் யாராவது, "டாக்டரே, சாப்பிட வரலையா?" என்று கத்திவிடுவார்கள்.

மனைவி இருந்தது ஐந்து மணிநேர பஸ் தூரத்தில். பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அவர் கான்ட்ராக்ட் ஆள் என்பதால் படுக்கை பொதுக் கொட்டகையில். பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு ஆண்கள், குறட்டையில் பன்னிரண்டு ராகம். குடும்பத்தோடு இருக்கிற குவார்ட்டர்ஸ் பெர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும்தான். சுற்றுவட்டாரத்தில் வாடகைக்கு வீடு என்ற பேச்சே இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஒன்றரை நாள், அதில் பாதி தூக்கத்தில். "பிள்ளை என்ன, போன்லயா பிறக்கும்?" என்று கேட்டுக் கேட்டு மாமியாரும் ஓய்ந்துவிட்டார்.

அப்படி இருக்கும்போது மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் வைத்தார்கள். டாக்டர் அலறி அடித்துக்கொண்டு பஸ் ஏறினார். பத்து நாள் கூடவே இருந்தார். அவளுக்குத் தலை வாரிவிட்டார், கஞ்சி ஊதிக் கொடுத்தார், ஆஸ்பத்திரி ஜன்னல்களையெல்லாம் யாரும் கேட்காமலே துடைத்துவைத்தார். டிராக்டர் அக்கா விசாரிக்கப் போன் செய்து, சத்தமாக, "டாக்டர் இருக்காரா?" என்று கேட்க, வராந்தாவில் இருந்த நிஜ டாக்டர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி சிரித்துத் தையல் வலித்து அழுது, மறுபடி சிரித்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவர்கள் கல்யாணத்திலேயே சந்தோஷமான பத்து நாள் அவைதான்.

அவர் திரும்பி வந்தது ஒரு சாயங்காலம். பஸ்ஸிலிருந்து இறங்கி வாசல் கேட்டுக்குள் நுழைந்ததும் மேனேஜர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். சாதாரணமாக அவர் யார் கையையும் பிடிக்கிற ஆள் இல்லை.

"யோவ் டாக்டர், எண்பத்துநாலுயா! இந்தப் பத்து நாள்ல ஏறி ஏறி எண்பத்துநாலு. எழுபத்தெட்டைத் தாண்டினதே இல்லை இதுவரைக்கும். தலைமை ஆபீஸ்ல தலைகால் புரியல. நம்ம நிலையத்துக்கு ஒரு பெர்மனென்ட் போஸ்ட் தர்றாங்க. சீனியர் நீதான், உன் பேரைத்தான் எழுதியிருக்கேன். அடுத்த வியாழக்கிழமை அங்கேருந்து ஒரு மேடம் நேர்ல வந்து பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுவாங்க. ஆறாம் நம்பர் குவார்ட்டர்ஸ் காலிதான்."

டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பையைக்கூடக் கீழே வைக்காமல் ஆறாம் நம்பர் வீட்டு ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். ஒரு அறை, ஒரு சமையலறை. குழாய்க்குக் கீழே சிமென்ட் தொட்டி. சுவரில் யாரோ அடித்துவிட்டுப் போன இரண்டு ஆணி. அங்கிருந்தே போன் போட்டார்.

"சமையல் ரூம்ல ஜன்னல் இருக்கா?" என்றாள் மனைவி.

"இருக்கு. கிழக்கே."

"கிழக்கேன்னா காலைல அடுப்புல வெயில் விழும்." அவள் அதற்குள் அந்த அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருந்தாள் போல. "குழாய்ல தண்ணி வருதா பாத்தீங்களா?"

"வீடு பூட்டியிருக்கும்மா."

"பூட்டின வீட்டு வாசல்ல நின்னா இவ்வளவு பேச்சு!" என்று அவள் சிரித்தாள். தையல் ஆறிவிட்டது என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

மறுநாள் விடியலில் டாக்டர் துணியோடு கண்ணருகே போனார். அதைச் சுற்றிக் கம்பிக் கூண்டு, அதற்கு ஒரு பூட்டு. பூட்டைத் திறக்கச் சட்டைப்பையில் கைவிட்டு சாவியை எடுத்தபோதுதான் உறைத்தது. சாவி ஒன்றே ஒன்றுதான். அது பத்து நாளும் அவரோடு ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறது. கிளம்புகிற அவசரத்தில் யாரிடமும் கொடுக்கவில்லை. நேரம் இருந்திருந்தாலும் கொடுத்திருப்பாரா என்பது சந்தேகம். அந்தக் குமிழை இன்னொருவர் கை தொடுவது அவருக்குப் பிடிக்காது. மற்றவர்களுக்கோ, அப்படி ஒரு வேலை இருப்பதே அவர் இல்லாதபோது ஞாபகம் வரவில்லை.

குமிழைப் பார்த்தார். பனி இறங்கி, தூசி படிந்து, மறுபடி பனி இறங்கிக் காய்ந்து, புரை விழுந்த கண் மாதிரி வெளுத்துக் கிடந்தது. போதாக்குறைக்கு ஒரு பறவை அதன் உச்சியில் எச்சமும் போட்டிருந்தது. படித்தது எட்டாம் வகுப்பு என்றாலும் விஷயம் அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கண் மங்கினால் வெயில் குறைவாகத் தெரியும். இவ்வளவு குறைந்த வெயிலுக்கு இவ்வளவு மின்சாரமா என்று மதிப்பெண் ஏறும். எண்பத்துநாலு என்பது நிலையத்தின் சாமர்த்தியம் இல்லை. தூசியும் பறவையும் சேர்ந்து போட்ட மதிப்பெண்.

துணியை நனைத்தார். கை குமிழ்வரை போயிற்று. ஒரு தடவை துடைத்தால் போதும், மதிப்பெண் சரசரவென்று இறங்கிவிடும். மதிப்பெண் இறங்கினால் வீடும் இறங்கிவிடும். துணியைப் பிழிந்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பூட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் அவருக்குத் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே போயின. தினமும் விடியலில் போவார். கூண்டைத் திறப்பார். யாராவது தூரத்திலிருந்து பார்த்தால் துடைப்பது போலத் தெரிய, துணியைக் காற்றில் ஆட்டுவார். மூடுவார். பகலில் வெயில் கொட்டும். இதில் முழுசையும் நான் உள்ளே விடவில்லை, மீதி எங்கே போகிறது என்று யோசிப்பார். கணக்கில் வராத அந்த வெயில் கொட்டகைக்குப் பின்னால் மஞ்சளாக, மெத்தென்று குவிந்துகொண்டே போவது போல இருக்கும். ஆறாம் நம்பர் வீட்டின் சாவித்துவாரம் வழியாக அது உள்ளே ஒழுகும். அடுப்பின் மேல் விழும். அங்கே மனைவி முதுகைக் காட்டி நின்று ஏதோ கிண்டிக்கொண்டிருப்பாள். கூப்பிட வாயெடுப்பார். டிக் என்று பேனல்கள் திரும்பும். வீடும் மனைவியும் கொஞ்சம் மேற்கே நகர்ந்துவிடுவார்கள்.

நாலாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் டிராக்டர் அக்கா தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எப்போதும் ஊருக்கே கேட்கப் பேசுகிறவர், அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"டாக்டரே, உங்களுக்கு வீடு வர்றதில எனக்கு ரொம்ப சந்தோஷம். நிஜமா சொல்றேன். அந்தப் பொண்ணு எத்தனை நாள்தான் தனியா கிடப்பா."

"என்னக்கா, முகமே சரியில்லையே?"

"தலைமை ஆபீஸ்லேருந்து வந்த லெட்டர்ல இன்னொரு சேதியும் இருக்காம். மேனேஜர் இன்னைக்குத்தான் சொன்னாரு. நீங்க ஊருக்குப் போன மறுநாளே டிராக்டர் பம்ப் ரிப்பேர். அன்னையிலேருந்து ஒரு பேனல்கூடக் கழுவல. கழுவாமலே எண்பத்துநாலு வருதுன்னா கழுவுறதுக்கு எதுக்கு எட்டுப் பேருங்கறாங்க. ரெண்டு பேர் போதுமாம். மேடம் வந்து கையெழுத்துப் போட்டா மாசக் கடைசியோட ஆறு பேர் வீட்டுக்கு." ஒரு கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டே தொலைவைப் பார்த்தார். "எனக்குப் புரியல டாக்டரே. பேனல் மேல விரலால எழுதலாம், அவ்வளவு தூசி. எழுதியும் பாத்தேன். அப்புறம் எப்படி மார்க் ஏறும்?"

எப்படி ஏறும் என்று தெரிந்த ஒரே ஆள் அவருக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. "தெரியலக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார். ஒன்றுமே சாப்பிடாத கையை ரொம்பநேரம் கழுவினார்.

அன்றைக்குச் சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சாவி, தூசி, பறவை, மடித்துவைத்த துணி, எல்லாம்.

"துடைக்காதீங்க" என்றாள் அவள். யோசிக்கவே இல்லை. "ஒன்பது வருஷமா நாம யாருக்கும் ஒரு கெடுதல் பண்ணல. இந்த ஒரு தடவை பேசாம இருங்க. ஒரு பிடி தூசி. யார் குடி முழுகிடப் போகுது?"

அவர் டிராக்டர் அக்காவையும் மற்ற ஐந்து பேரையும் பற்றிச் சொன்னார். மறுமுனையில் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை யாரோ தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது.

"அதை ஏங்க எங்கிட்ட சொன்னீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவது போலச் சொன்னாள். "தெரியாம இருந்தா நான் நிம்மதியா வந்திருப்பேனே." அப்புறம், "எனக்குத் தெரியலைங்க. நீங்களே பாத்துக்குங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை மேடம் வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத அம்மா. தலையில் தொப்பி, கையில் பெரிய போன். கண்ட்ரோல் ரூமில் மேனேஜர், காற்றின் திசை, பேனலின் சாய்மானம், தன்னுடைய கண்டிப்பு என்று எண்பத்துநாலுக்குப் பதினாறு காரணம் அடுக்கினார். மேடம் கேட்டுக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே கழுவும் ஆட்கள் எட்டுப் பேரும் ஓடாத டிராக்டரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். வேறு எங்கே நிற்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

மேடம் பேனாவைத் திறந்தார்.

"மேடம்" என்றார் டாக்டர். குரல் அவருக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. "ஒரு பத்து நிமிஷம் எங்கூட வர முடியுங்களா?"

மேனேஜர் முறைத்தார். மேடம் பேனாவை மூடிவிட்டு எழுந்தார். வெள்ளை வெயிலில் மூவரும் நடந்தார்கள். பேனல்கள் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தன. உச்சிவேளையில் அந்த ஏரி அசையவே இல்லை. டாக்டர் கூண்டைத் திறந்தார்.

"இப்ப எவ்வளவு வெயில்னு உங்க போன்ல பாருங்க மேடம்."

"எழுநூற்று எண்பது."

அவர் துணியை நனைத்துத் துடைக்கத் தொடங்கினார். தூசி வந்துவிட்டது. எச்சம் வரவில்லை. காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது. அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி கீறிவிடும். ஈரத்துணியை அதன் மேல் வைத்து ஊறவிட்டார். மேடம், மேனேஜர், டாக்டர் மூன்று பேரும் ஒரு பறவை எச்சம் ஊறுவதற்காக வெயிலில் காத்துக்கொண்டு நின்றார்கள்.  மேனேஜரின் முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் எச்சம் நழுவியது. காய்ந்த துணியால் ஒரு சுற்று. குமிழுக்குள் வானம் முழுசாகத் தெரிந்தது.

"தொள்ளாயிரத்து முப்பது" என்று படித்தார் மேடம். மனசுக்குள் கணக்குப் போட்டார். எண்பத்துநாலு எழுபதுக்கு இறங்கியிருக்கும். "எத்தனை நாளா இப்படி?"

பத்து நாள், ஊருக்குப் போயிருந்தேன் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். யாரும் தோண்டியிருக்க மாட்டார்கள்.

"பத்து நாள் சாவியோட ஊருக்குப் போயிட்டேன் மேடம். அதுக்கப்புறம் ஏழு நாள் இங்கேயே இருந்துகிட்டுத் துடைக்கல."

"ஏன்?"

"வீடு கிடைக்கும்னு."

மேடம் அவரையே பார்த்தார். திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. "பம்ப் பார்ட்ஸ் நாளைக்கே வந்தாகணும். கழுவுற ஆள் யாரையும் வேலையை விட்டு நிறுத்தக்கூடாது" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். பாதித் தூரம் போய் நின்று, "அந்த போஸ்ட் இந்த நிலையத்துக்கு இல்லை. இவர் வேலையில இருக்கட்டும்" என்றார். மேனேஜர் அன்றைக்கு மட்டுமில்லை, அதற்கப்புறம் இரண்டு மாதம் டாக்டரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சேதி எப்படித்தான் பரவுமோ. டிராக்டர் அக்கா தேடிக்கொண்டு வந்தார். வந்த வேகத்துக்கு ஊரைக் கூட்டுவார் என்று பார்த்தால், எதிரே வந்து நின்று, "அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசட்டுமா?" என்று மட்டும் கேட்டார். "வேண்டாம்க்கா. நானே பேசறேன்" என்றார் டாக்டர்.

சாயங்காலம் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். சிக்னல் கிடைப்பது அங்கேதான். மேற்கே வானம் பழுத்துக்கொண்டிருந்தது. பேனல்கள் எல்லாம் கடைசி வெளிச்சத்தை முகத்தில் வாங்கிக்கொண்டிருந்தன. ஏரி செம்மையாகி, ஊதாவாகி, மெல்ல அணைந்துகொண்டு வந்தது. அக்கரையிலிருந்து யாரும் நடந்து வரவில்லை. நம்பரை அழுத்தினார்.

"துடைச்சிட்டீங்களா?" என்றாள் அவள், எடுத்ததுமே.

"துடைச்சிட்டேன்."

"அவங்க?"

"எட்டுப் பேரும் இருக்காங்க."

"வீடு?"

"போச்சும்மா."

 அவர் தன் பாட்டுக்குப் பேசத் தொடங்கினார். இன்னொரு போஸ்ட் வரும், அடுத்த வருடம் வரும், மேடம் நல்ல மனுஷி...

"என்னங்க" என்று அவள் இடையில் வெட்டினாள். "நீங்க பண்ணினது சரிதான். எனக்குத் தெரியுது. ஆனா எனக்கு அழுகை வருது. நான் கொஞ்சநேரம் அழுதுக்கறேன். சமாதானம் ஒண்ணும் சொல்லாதீங்க. போனை மட்டும் வைக்காதீங்க."

"வைக்கல."

அவள் அழத் தொடங்கினாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, அப்புறம் பொத்தாமல். மூக்கைச் சிந்தினாள். முடிந்துவிட்டது என்று நினைத்தபோது மறுபடி வந்தது. ஒன்பது வருடத்தில் அவள் இப்படி அழுது அவர் கேட்டதே இல்லை. இத்தனை நாளும் போனை வைத்த பிறகுதான் அழுதிருக்கிறாள் என்பது அந்த வாளி மேல் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவருக்குப் புரிந்தது.  ஒரு வார்த்தையும் சொல்லாமல், அவள் அழுது முடிக்கிறவரை போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.